அக்காவின் வேண்டுதலும் பாவாவின் உத்தியோகமும்

அரைத்த சந்தனத்தின் ஈர வாசம் எங்கிருந்தாவது வந்தால் எனக்குச் சாமி நினைவு வருவதில்லை. மழித்த தலையில் சந்தனம் பூசி, திருத்தணி சரவணப் பொய்கைப் படியில் சிரித்துக்கொண்டு நின்ற என் அக்கா வருகிறாள். அவள் பின்னாலேயே பாவாவும் வந்துவிடுகிறார்; வாசம் கசந்துபோகிறது.

பாவா, அக்காவின் கணவர். ராணுவத்தில் மேஜர். உலகப் போரில் பர்மா பக்கம் போனவரிடமிருந்து மாதக்கணக்கில் கடிதமில்லை. உயிரோடு திரும்பினால் முடி கொடுப்பதாக மலையைப் பார்த்துக் கும்பிட்டாள் அக்கா. எங்கள் பக்கத்தில் சுமங்கலிகள் மொட்டை போடுவது புதிதல்ல. போர் முடிந்தும் அவர் தில்லியிலேயே இருந்துவிட்டு, சுதந்திரத்துக்கு அடுத்த வருடம்தான் ஊர் வந்தார். புறப்பட்டுவிட்டதாகத் தந்தி வந்த அன்றே அக்கா மலையேறினாள். அவர் வாசலை மிதிக்குமுன் வேண்டுதல் தீர்ந்திருக்க வேண்டுமாம்.

வந்தவர் கையில் புது உத்தரவு. வெளிநாட்டிலுள்ள நம் தூதரகம் ஒன்றில் ராணுவத்தின் பிரதிநிதி. பிற நாட்டுத் தளபதிகளோடு விருந்துண்டு, சிரித்துப் பேசி, தளவாடத்துக்கும் பயிற்சிக்கும் வழி செய்யும் வேலை. மனைவியும் கூடப் போகலாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் தலையையே பார்த்தார்.

“இன்னா வேலை பண்ணி வெச்சிருக்கே? இந்தத் தலையோட அவங்க முன்னாடி உன்னை எப்டி நிக்க வைப்பேன்?”

“உங்களுக்காகத்தாங்க. முக்காடு போட்டுக்கினு வர்றேன்.”

“மயிருதானே மாப்ளே, கீரையாட்டம் தழைஞ்சிடும்,” என்றார் எங்களைப் பெற்ற நைனா. பாவா சிரிக்கவில்லை.

அன்று மாலை தன் வேலையின் நுணுக்கத்தை எங்களுக்கு விளக்கினார். அங்கே யாரிடமும் முடியாது என்று சொல்லக்கூடாதாம். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே கேட்பவரை ஓயவைக்க வேண்டுமாம். வாய் பிளந்து கேட்டோம். அந்த வித்தையை முதலில் யார்மேல் பழகினார் என்பது புரிய எங்களுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

அவர் மட்டும் போனபின், அக்காவின் கூந்தல் காதளவு, தோளளவு, இடுப்பளவு என்று வளர்ந்தது. ஒவ்வொரு முறையும் தன்னை அழைத்துக்கொள்ளச் சொல்லி எழுதினாள். வீடு சிறியது, குளிர் அதிகம், அடுத்த மாற்றலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று அழகான கையெழுத்தில் பதில் வந்தது. தலைநகரங்கள் மாறின, பதவி உயர்ந்தது. ஒருமுறை விருந்துப் படம் ஒன்று வந்தது. நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, ஜோடி ஜோடியாக மனிதர்கள். பாவா பக்கத்தில் காலி நாற்காலி. அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுதவேயில்லை. கேட்பதை நிறுத்தியவள் அவள்தான் என்று அவர் இன்றும் சொல்லக்கூடும். அந்தத் தொழிலின் அழகே அதுதானே.

நாடுகளோடு உறவு வளர்த்தவர் என்று ஊரில் அவரைப் புகழ்ந்தபோது நானும் வெட்கமில்லாமல் கைதட்டியிருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த பாவா, அந்த உத்தியோகத்துக்குப் புறப்பட்ட நாளில் அரக்கோணம் ஸ்டேஷனில் பம்பாய் மெயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். முக்காடிட்ட அக்கா ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி வெளியே நிற்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

“ஊருல ஒருத்தரும் என்னைப் பாத்து சிரிக்கலங்க. நீங்கதான் கூச்சப்படறீங்க. கூட்டிக்கினு போவீங்களா, மாட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

பாவா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“வண்டி நகரப் போவுது. தள்ளி நில்லும்மா.”