தங்கத்தைக் கூட்டில் அடைத்தவன்

கண்ணுக்குத் தெரியாத பொருளைச் செய்கிறவன் சும்மா இருந்தாலும் ஒருவருக்கும் தெரியாது, முறிந்து முறிந்து வேலை செய்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

இரசாயனத்தில் காலந்தள்ளும் என் சக துன்பப் பிறவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் கல்லூரியின் பின்பக்க அறையில் இருந்து மூலக்கூற்றுக் கூடுகள் செய்கிறேன். அந்த அறையைப் பறித்துப் போட்டோக்கொப்பி மெசினுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். நான் எழும்பவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தானே நிற்கும் வேலி

எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் எனக்குப் பக்கத்து வளவுக்காரர் நடராசா. புகையிலைத் தோட்டக்காரர். "அங்கை என்னதான் செய்யிறியள்?" என்று கேட்டார். கதியால் தடியையும் கிடுகு ஓலையையும் கயிற்றையும் முற்றத்தில் கொட்டிவிட்டுப் போய்ப் படுத்தால், அவை ஒன்றையொன்று தேடிப் பிடித்து, விடிய வேலியாக நிற்கும். அதுதான் என் தொழில் என்றேன். பல்லேடியம் என்ற உலோகம் மூலைக் கதியால், கரிமச் சேர்வை கிடுகு. இரண்டையும் கரைத்து இளஞ்சூட்டில் வைத்தால் கூடு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். ஒரு துளியில் உள்ள கூடுகளைக் கண்டால் வலிகாமம் பகுதிக் கோழிக்கூடுகள் எல்லாம் வெட்கத்தில் சரிந்து விழும் என்றும் அவிழ்த்துவிட்டேன்.

நடராசா எல்லை வேலியை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரி மாஸ்டர். தன்ரை பாட்டில எழும்புற வேலி, என்ரை காணிக்குள்ளை எவ்வளவு தள்ளி எழும்பும்?"

காப்பு

வெறுங் கூட்டால் பிரயோசனம் இல்லை. உள்ளே வேலைக்கு ஆள் வேண்டும். நான் அடைத்தது தங்கத்தை, ஒரு கூட்டுக்கு ஒரு அணு. இதைப் பெருமையாக மனைவியிடம் சொன்னேன். அவ மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவ. சாட்சி இல்லாமல் ஒன்றையும் நம்பமாட்டா.

"கண்ணுக்குத் தெரியாத கூட்டுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத தங்கம். நல்லது. என்ரை கைக்காப்பை மட்டும் தொடாதேங்கோ."

ஆளைத் தனிய வைத்தல்

துறைத் தலைவி சுகிர்தா அறைக்கு வந்து, வெள்ளிக்கிழமை அறையைப் பற்றித் தீர்மானிக்க ஒரு குழு வரும், போத்தலில் நான் செய்து வைத்திருக்கும் கூட்டுத் தங்கம் அவர்கள் கண்ணுக்கு முன்னால் தெளிவாக நின்று வேலை செய்யாவிட்டால் அறை போய்விடும் என்றா. நல்ல பிள்ளை, சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெளிவாக நிற்கும்" என்றேன். தங்க அணுவை வெளியில் விட்டால் மற்ற அணுக்களோடு கூடிக் கதைத்து, கட்டிப்பட்டு, அடியில் கறுத்த மண்டியாகப் படிந்துவிடும். கூட்டுக்குள் தனியே இருந்தால் கூட ஆளில்லை. வாசலுக்குள் நுழையக்கூடிய பொருளை உள்ளே எடுத்து, வேறொன்றாக மாற்றி வெளியே விடும். உடனே அடுத்ததை எடுக்கும். தான் மட்டும் தேயாது.

"சேர், எங்கடை ஒஃபீசுக்கும் ஒரு பெரிய கூடு செய்து தாங்கோவன்."

இரண்டு கிணறு

வியாழக்கிழமை ஒத்திகை. கூட்டுத் தங்கத்தைப் புதுப் போத்தலில் ஊற்றினேன். சற்று நேரத்தில் கறுத்துப் படிந்தது.  அறை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஆய்வுகூடத்து உதவியாள் பவளம் அந்தப் போத்தலைப் பளிச்சென்று கழுவி வைத்திருந்தா. எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். உவர்க் கிணற்றில் என்றா. கல்லூரி வளவில் குடிக்க நல்ல தண்ணிக் கிணறு ஒன்று, கழுவ உவர்க் கிணறு ஒன்று. உவரில் இருக்கும் உப்பு பல்லேடியத்தைப் பிடித்து இழுத்து, மூலைகளைக் கழற்றி, கூட்டைப் பிரித்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசியிருக்க வேண்டும் என்று கத்தினேன். பவளம் அசையவில்லை.

"குழுவுக்குத் தேத்தண்ணி நல்ல தண்ணியில, போத்தில் கழுவுறது உவரில. ஊரில எல்லாரும் அப்பிடித்தானே சேர்?"

ஒரு தம்ளர் உவர்

வெள்ளிக்கிழமை. கூடில்லாத தங்கம் ஒரு போத்தலில் முன்னமே கறுத்துக் கிடந்தது. கூட்டுத் தங்கம், வடித்த தண்ணீரால் அலசிய இரண்டு போத்தல்களில் மஞ்சளாய்த் தெளிந்து நின்றது. மாற்றிப் பார்க்க நான் அதற்குள் விட்ட ஒரு எண்ணெய் வேறு எண்ணெயாக மாறியிருந்ததை ஆய்வுகூடத்துச் சோதனை மெசினும் எழுதிக் காட்டியது. குழுத் தலைவர் ஒன்றைத் தூக்கி ஆட்டினார். "நிறம் நிற்குது, வேலையும் நடந்திருக்கு. ஆனால் உள்ளுக்குக் கூடு இருக்குதெண்டதுக்கு என்ன சாட்சி?"

என் மனைவியே வந்து கேட்டதுபோல இருந்தது. பவளத்திடம் உவர்க் கிணற்றில் ஒரு தம்ளர் அள்ளிவரச் சொன்னேன். "உங்கடை கையாலேயே ஒரு போத்திலுக்கை ஊத்துங்கோ" என்றேன். ஊற்றினார். அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அந்தப் போத்தல் கறுத்துப் படிந்தது. மற்றது தெளிவாகவே நின்றது. "கூடு இல்லையெண்டால் இப்ப உடைஞ்சது என்ன, ஐயா?" என்று கேட்டேன்.  அறை சேரிடமே இருக்கட்டும் என்று தலைவர் சுகிர்தாவிடம் சொன்னார். பிறகு வெறுங் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பவளத்தைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நான் குடிச்சது எந்தக் கிணத்துத் தண்ணி?"

வெளியே விட்டிருந்தால் சந்தியில் மற்றப் பென்சன்காரரோடு கூடிக் கதைத்து நானும் கறுத்துப் படிந்திருப்பேன். அறைக்குள்ளேயே அடைத்துவிட்டபடியால், இனி என்னைக் கழற்றுவதென்றால் அவர்கள் ஒரு கடல் உப்பாவது கொண்டுவர வேண்டும்.