மலையின் பின்பக்கம் பார்க்க ஏழு நாள் லீவு

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ஆபீஸ் எழுத்து வேலையில், நான் சின்னக் கிராணியாக இருந்தேன். லீவுப் புத்தகம் என் பொறுப்பு. கல்யாணத்துக்கு ஒரு நாள், கோயிலுக்கு இரண்டு நாள், சாவுக்கு மட்டும் நான்கைந்து நாள் கிடைக்கும். அதனால் என் புத்தகத்தில் சாவுகள் அதிகம். குழந்தைவேலுவின் பெரியப்பா ஒரே வருஷத்தில் மூன்று தடவை செத்தார். மூன்று தடவையும் கை நடுங்காமல் எழுதியவன் நான்தான்.

மருதம்மாள் அந்தக் கூட்டத்தில் சேராதவள். நாற்பது வயது, புருஷன் இல்லை. பதினோரு வருஷமாகப் பால் வெட்டியவள், ஒரு நாள்கூடக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் புதுத் துரை வந்து ஆபீஸ் சுவரில் ஒரு வர்ணப் படம் மாட்டினார். கீழே பனி. மேலே இருட்டு வானத்தில், பச்சைச் சேலையை உதறியதுபோல் வெளிச்சம். வெட்டுக்கத்தி மாற்ற வந்த மருதம்மாள் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"என்னங்கய்யா இது, வானம் பத்திக்கிச்சா?"

"தொரை நாட்டுல வடக்கே போனா வானம் இப்பிடித்தான் ஆடுமாம். அதப் பாக்கறதுக்குன்னே ஜனங்க ஒரு வாரம் லீவு போட்டுப் போவாங்களாம்."

"யாரு செத்தாங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரும் சாக வேணாம். சும்மா பாக்கப் போறதுதான்."

"அப்ப எனக்கும் அதே மாதிரி ஒரு வாரம் எழுதுங்க. நானும் வடக்கேதான் போறேன்."

கேலி என்றே நினைத்தேன். ஆனால் அந்த வாரமே அவள் ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். சுங்கைப் பட்டாணியிலிருந்து துணி மூட்டையோடு வரும் யஹ்யாவைப் பிடித்து விசாரித்தாள். வடக்கே கடலோரத்துக் கோலா பெர்லிஸில் தன் தங்கை கதீஜா இருப்பதாகவும், அமாவாசை இருட்டில் அங்கே துடுப்பு போட்டால் கடல் தண்ணீர் மின்னும் என்றும் அவர் சொன்னார். யஹ்யாவும் மனைவியும் ஜெராய் மலையைத் தாண்டிப் போகும் ரயிலிலேயே போய், கதீஜா வீட்டில் தங்குவதென்று முடிவாயிற்று. மருதம்மாளுக்கு எழுத்து தெரியாது. லயத்து வீட்டு வாசலில், மரத்துப் பால் பிடிக்கும் மங்குகள் ஏழை வரிசையாக வைத்தாள், நாளுக்கு ஒன்று. அமாவாசை நாளுக்கான மங்கு ஒன்றை மட்டும் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கேட்டாளாம்: "அங்க எந்தக் கோயிலுடி? யாரு இருக்கா உனக்கு?"

"மலை இருக்கு, கடல் இருக்கு. போதாதா?"

பயம் எனக்குத்தான். 'பார்க்க' என்று எழுதினால் துரை சந்தேகப்பட்டு முன்பக்கங்களைப் புரட்டுவார். பெரியப்பா மூன்று தடவை செத்தது தெரிந்தால் என் வேலை போய்விடும்.

"சொன்னாக் கேளு மருதம்மா, கங்கார் ஊர்ல உனக்கு ஒரு மாமாவச் சாகடிச்சிடறேன். லீவு சுளுவாக் கெடைக்கும்."

"நான் வேடிக்க பாக்க எதுக்குய்யா ஒரு மனுசன் சாவணும்? லீவு இல்லன்னா போவல. பொய் மட்டும் எழுதாதீங்க."

கோபத்தோடுதான் எழுதினேன்: காரணம், பார்க்க.

துரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். அவளையே கூப்பிட்டுக் கேட்டார்.

"யாரு செத்துப் போச்சு?"

"யாரும் சாவல தொரை. அந்த ஜெராய் மலையப் பதினோரு வருசமா இந்தப் பக்கமிருந்தே பாக்கறேன். பின்பக்கம் எப்பிடி இருக்குன்னு பாக்கணும். அப்புறம் கடல் வெளிச்சம்." சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். "உங்க ஜனங்க போறாங்களாமில்ல?"

துரை படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நான் பயந்தபடியே புத்தகத்தை இழுத்துப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார். பெரியப்பாவின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"இவ பேரு எங்கேயும் இல்லையே?" என்றார்.

"லீவே எடுத்ததில்ல தொரை," என்றேன்.

"சம்பளம் கிடையாது."

"தெரியும் தொரை," என்றாள் மருதம்மாள்.

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துரையிடம் மாட்டாமல் தப்பியதற்கு என்று அவள் நினைத்திருப்பாள். பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட லீவு கேட்காத அவளை நினைத்துத்தான் கலங்கியது.

எட்டாம் நாள் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். வெட்டு முடிந்ததும் ஆபீஸுக்கு வந்தாள்.

"மல எப்பிடி?"

"அந்தப் பக்கமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம பக்கம்தான் ஒரு பங்கு ஒசத்திங்கய்யா."

"கடல்?"

ரப்பர் பால் கறை படிந்த வலது கையை என் முன்னால் விரித்தாள். "இந்தக் கையத்தான் தண்ணியில விட்டேன். வெரலு வெரலா வெளிச்சம். நெருப்பு மாதிரி, ஆனா சுடல."

புத்தகத்தைத் திறந்து அவள் பெயருக்கு எதிரே 'வந்தாள்' என்று எழுதினேன்.

"என்ன எழுதினீங்க?"

சொன்னேன்.

"வந்தேன்னு மட்டுமா? பாத்தேன்னும் எழுதுங்கய்யா."

எழுதினேன். 'வந்தாள்' பக்கத்திலேயே, 'பார்த்தாள்'.