பீரோவில் இருந்த கார் புத்தகம்

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் காகிதங்கள். நிலப் பட்டா, ரேஷன் கார்டு, என் ஞானஸ்நானச் சான்று, பத்தாவதிலிருந்து டிகிரிவரை நான் வாங்கிய மதிப்பெண் பட்டியல்கள். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நைனாவுக்கு, அச்சடித்த காகிதம் எதுவானாலும் பத்திரம்தான். பூட்டி வைக்க வேண்டியது. கார் வாங்கியபோது அதோடு வந்த தடித்த இங்கிலீஷ் புத்தகமும் அங்கேதான் போனது.

அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் தாலுகா ஆபீஸ் எதிரே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறேன். அடுத்தவர்களுக்கு வந்த நோட்டீசை நாள் முழுக்கப் படித்துச் சொல்கிறவன் நான்.

கார் எங்கள் கைக்கு வருமுன்பே இரண்டு பேரிடம் ஓடியது. டீசல் வண்டி. அதுவரை ஊரார் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த நைனாவுக்கு அதுதான் முதல் சொந்த வண்டி. காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து டீச்சர்களை ஏற்றிப்போய்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இறக்குவார், சாயங்காலம் திரும்ப அழைத்துவருவார். நடுவில் யாராவது கிடைத்தால் கோட்டை அடிவாரம்வரை ஒரு நடை. எல்லாமே நாலு கிலோமீட்டர், ஆறு கிலோமீட்டர்தான். வண்டி நின்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுவார். டீசலை வீணாக்கக் கூடாது என்பது டிராக்டர் காலத்துப் பழக்கம்.

கோடை விடுமுறை நடுவில் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையவே இல்லை. நைனா அதன்மேல் ஒரு மாதா ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். பள்ளி திறக்கும் வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மேட்டில் வண்டி இழுக்கத் திணறியது. மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாண்ணா, மாதாவ வெச்சு லைட்ட மூடிக்கினு இருக்கிற?”

“கண்ண உறுத்துதுப்பா.”

புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி ஒன்று உண்டாம். அதுதான் அடைத்துக்கொண்டது. “புதுசு போட்டா உனுக்குக் கட்டாது. உள்ள இருக்கிறத இடிச்சு எடுத்துட்டு வெறுங்குழாயா வுட்டுடலாம். ஞாயித்துக்கெழம கொண்டா, மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன். புகை கொஞ்சம் கருப்பாப் போவும், அவ்ளோதான்.”

நைனா தலையாட்டிவிட்டார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை. டீச்சர்களில் ஒருவர் அன்று காலைதான் போன் செய்திருந்தார். “திங்கட்கிழமை வண்டி வராதுன்னா முன்னாடியே சொல்லிடுங்கண்ணா, நாங்க வேற வண்டி பாத்துக்கறோம். தப்பா நினைச்சுக்காதீங்க.” அந்தச் சவாரி போனால் கார் வாசலில் நிற்கும், நைனா மறுபடி ஊரார் டிராக்டருக்குப் போவார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. “கருப்புப் புகையா? பள்ளிக்கூட வாசல்ல நிக்கிற புள்ளைங்க மூஞ்சில ஊதறதுக்கா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “அந்தக் குண்டு புக்குல இதப் பத்தி ஒண்ணுமே போடலியாடா?”

நைனாவிடம் சாவி வாங்கி பீரோவைத் திறந்தேன். உறையைக்கூட யாரும் பிரித்திருக்கவில்லை.

விளக்கின் படத்தைத் தேடிப் பிடித்தேன். வடிகட்டியில் சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துக்கொள்ளும். அப்போது ஃபேன் பலமாகச் சுற்றும், சூடான வாசனை வரும், முடியும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. இந்த விளக்கு மட்டும் எரிந்தால், கீழ் கியரில் அறுபதுக்கு மேல் அரைமணி நேரம் ஓட்டினால் கரி எரிந்துபோய் விளக்கும் அணையும். கூடவே இன்ஜின் விளக்கும் எரிந்தால் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

அம்மா கையைத் தட்டினார். “நெனப்பு இருக்குதா? ஃபேன் ஓன்னு கத்தும், இரும்பு காயற வாசனை வரும். நீ ஓடிப்போய் ஆஃப் பண்ணிட்டு, பானட்டத் தூக்கி வெச்சு துண்டால விசிறுவியே!”

“சூடாயிடுச்சுன்னு நெனச்சேன்” என்றார் நைனா.

“அது பாட்டுக்கு வாயக் கொப்பளிச்சிக்கினு இருந்திருக்குது. பாதியில சொம்பப் புடுங்கியிருக்கிற.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தும் நைனாவுக்கு மனம் ஒப்பவில்லை. “அவன் இருவது வருசமா வண்டில கை வெக்கிறவன். நீ நேத்துப் படிச்சவன்டா.”

“ஒரு மணி நேரம் குடு நைனா. அணையலன்னா நேரா ஷெட்டுக்கே வுட்டுடு.”

அம்மா பூசைக்குக் கட்டிய புடவையோடே பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

திண்டிவனம் போய், அங்கிருந்து விழுப்புரம் நாலுவழிச் சாலையைப் பிடித்தோம். நைனா அந்தக் காரில் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. எழுபதில் ஓட்டச் சொன்னேன். “எழுபதா? பறக்கச் சொல்றியா?”

“நாலாவது கியர்லயே வை. அஞ்சு வேணாம்.”

“கத்துதுடா.”

“கத்தட்டும் நைனா.”

புத்தகம் என் மடியில் இருந்தது. கண் மட்டும் அந்த விளக்கிலேயே. கூடவே இன்ஜின் விளக்கும் எரிந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே வந்தேன். இரும்பு காய்கிற வாசனை வந்தது. நல்ல சேதி என்று நினைத்தபோது டோல்கேட் வரிசையில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு லாரி நகரவில்லை. ஃபேன் அலறியது. நைனாவின் வலது கை மெல்லச் சாவிக்குப் போனது.

“கைய எடு!” என்று பின்னாலிருந்து அம்மா கத்தியதில் பக்கத்து வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“நான் எங்க வெச்சேன்? கை தானாப் போவுது” என்றார் நைனா. அந்தக் கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். லாரி நகரும்வரை அப்படியே இருந்தார். என் பேச்சை அவர் முழுசாக நம்பியது அந்தச் சில நிமிடங்களில்தான் என்று நினைக்கிறேன். நம்பியிராவிட்டால் அந்தக் கை அங்கே நின்றிருக்காது.

டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். அம்மாதான் முதலில் பார்த்தார். “டேய், மஞ்சளக் காணோமே!”

நைனா வேகத்தைக் குறைக்கவில்லை. “ஒளிஞ்சிக்கினு இருக்கும், நம்பாத” என்று விழுப்புரம்வரை அப்படியே ஓட்டினார். அங்கிருந்து செஞ்சி ரோட்டுக்குத் திரும்பி, மண்டகப்பட்டு தாண்டி ஒரு மேடு வந்தது. வண்டி திணறாமல் ஏறியது. அப்போதுதான் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே, டீச்சருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். “காலைல ஏழே முக்காலுக்கு பஸ் ஸ்டாண்டுல இருப்பேன் டீச்சர். நம்ம வண்டிதான்.” அடுத்தது மெக்கானிக்குக்கு. “தொண்டையில அடைச்சிருந்துதுப்பா, துப்பிடுச்சு.”

அதற்குப் பிறகு விளக்கு எரியவே இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை எரிந்தது. பூசை முடிந்து ஹைவேக்குப் போனோம், அணைந்தது. ஸ்டிக்கர் இப்போது கண்ணாடி ஓரத்தில் இருக்கிறது.

அன்று மறுபடி கிளம்பியதும் நைனா கேட்டார். “அந்த புக்கு எத்தினி பக்கம்?”

“முந்நூறுக்கு மேல.”

“இன்னும் இன்னா இன்னா தப்புப் பண்றேன்னு பாப்போம். மொதல்லேர்ந்து படி.”

முதல் பாடமே சீட் பெல்ட். பின்சீட்டில் இருப்பவர்களும் போட வேண்டும் என்று படித்துச் சொன்னேன்.

“இது வேறயா?” என்று அம்மா புடவையை ஒதுக்கிவிட்டு, சீட்டின் இடுக்கில் பெல்ட்டைத் தேட ஆரம்பித்தார்.