பிலோமீஸ் தின்ற சீட்டு

பிலோமீஸ் சீட்டுப் பணத்தைத் தின்றுவிட்டாள் என்ற செய்தி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

ஹெய்ட்டியில், அதுவும் இந்தத் தெற்குக் கரையில், திருடன் என்றால் கோழி பிடிக்கிறவன். நம்பிக் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டவரை ‘தின்றவர்’ என்பார்கள். அந்தச் சொல்லை எல்லோர்மேலும் போட்டுவிட முடியாது. பாலத்துக்கு வந்த பணத்தில் மாடிவீடு கட்டிக்கொண்ட கவுன்சிலரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் விஷயத்தில் பணம் ‘போதவில்லை’. தின்பதெல்லாம் ஏழைகள்தான்.

சரி, தின்றது எங்கே போயிற்று என்று பார்த்துவிடலாமே. பிலோமீஸின் தகரக் கூரையில் பழைய ஓட்டை அப்படியே இருந்தது. அதற்கு அடியில் வாளியும் இருந்தது. வாழைக்காய் பொரிக்கும் பெரிய இரும்புச் சட்டி மட்டும் விலைபோயிருந்தது. பணத்தைத் தின்று இளைத்துப்போன ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

நடந்தது இதுதான். சந்தைப் பெண்கள் சனிக்கிழமைதோறும் போடும் பணத்தைச் சேர்த்து, முறைப்படி ஒருத்தி கையில் மொத்தமாகக் கொடுக்கும் சீட்டம்மா பிலோமீஸ். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. முறைக்காரி வரமுடியாவிட்டால் பிள்ளை வந்து வாங்கிப் போகும். ‘உங்கம்மாதான் அனுப்பினாளா?’ என்று கேட்டால் அந்த அம்மாவை அவமதித்ததாகிவிடும்.

அந்த வாரத்து முறை மீன்காரி கிளெர்சீனுடையது. அவள் மகன் வில்நோருக்கு ஞானத்தாய் பிலோமீஸ். அந்த உறவில் இரு பெண்களும் ஒருவரையொருவர் ‘மக்கோமே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வில்நோர் வந்தான். “ஞானம்மா, அம்மாவுக்குக் காய்ச்சல். சீட்ட வாங்கியாரச் சொன்னா.”

“நேத்து மழையில நின்னு கத்திக் கத்தி மீன் வித்தாளே, காய்ச்சல் வராம என்ன செய்யும்? இந்தா, சீட்டுப் பணம். பொரிச்ச வாழக்கா ரெண்டு, இதயும் அவளுக்குக் குடு. வழியில நீ தின்னுறாத.”

மறுநாள் கிளெர்சீன் திடகாத்திரமாக ஓடி வந்தாள்.

“மக்கோமே, எம்புள்ள மியாமிப் படகேறிட்டான்! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கொத்துவேலையில சேத்த காசுல போறேன்னு கூட்டாளிககிட்டச் சொன்னானாம். அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. சீட்டக் குடு, அவனுக்குப் பூச வைக்கணும்.”

நேற்றே வில்நோர் வாங்கிப் போய்விட்டான் என்று பிலோமீஸ் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால், கடலில் போய்க்கொண்டிருக்கும் பிள்ளையை அவன் அம்மாவே தின்றவன் என்று சொல்ல வேண்டிவரும்.

“பணம் இல்ல.”

“இல்லன்னா?”

“செலவாயிடுச்சு.”

“தின்னுட்டியா?”

பிலோமீஸ் ஆமென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

சீட்டு வேறொருத்தி கைக்குப் போனது. “இவகிட்ட வறுவல எண்ணி வாங்குங்கடி, பாதி இவ வயித்துல இருக்கும்” என்று பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். சட்டி விற்ற பணத்தை முதல் தவணையாகக் கிளெர்சீனிடம் கொடுத்துவிட்டு, சின்ன வாணலியில் பொரித்துப் பொரித்து, சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தாள் பிலோமீஸ். அந்தப் படகு கரை சேர்ந்ததாக மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பாக்கி கடைசியில் இருநூற்றைம்பது கூர்துக்கு வந்து நின்றது.

அன்றும் கிளெர்சீன் கடைக்கு வந்தாள். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள். மக்கோமே என்று கூப்பிட்டு வெகுநாளாகிறது.

“பாக்கி எங்கடி, தின்னவளே?”

“அடுத்த சனிக்கெழம.”

“போன வாரமும் இதானே சொன்ன? வாயா இது, கவுன்சிலர் ஆபீசா?”

திட்டி முடித்ததும் வழக்கம்போல் ஒரு வாழைக்காயை எடுத்துக் கடித்தாள். மென்றபடியே குரலைத் தாழ்த்தினாள்.

“அங்க இங்கருந்து நாலு பேரு வந்து சாப்புடுறாங்களே… எம்புள்ளயப் பத்தி ஏதாச்சும் சேதி?”

“வரும்.”

“வரும்ல?”

“வரும்.”

இந்த ஒரு கேள்வியைக் கிளெர்சீன் வேறு யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் மற்றவர்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். பாக்கி தீர்ந்துவிட்டால், தின்றவள் கடையில் வந்து உட்கார அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது.

பிலோமீஸின் தலைத்துணி முடிச்சில் இருநூற்றைம்பது கூர்து மூன்று வாரமாக இருக்கிறது.

“அடுத்த சனிக்கெழம கண்டிப்பா” என்றாள்.

“பாப்போம்” என்று மீன்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள் கிளெர்சீன்.