அப்பா எனக்குத் தந்த பட்டம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவரைக் கும்பகோணத்தில் அறிந்தவர்கள். மீதிப் பேர் துபாயின் சத்வா பகுதியில் எங்கள் வீட்டுக் காபி குடித்தவர்கள். இரு சாராருக்கும் பொதுவாக, மூத்த மகளான நான் எழுதுகிறேன்.

அப்பா கும்பகோணத்தில் பிறந்தார். பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஜாதகத்தில் வேறொன்று. விசாரித்துப் பார்த்து ஜாதகத்தையே ஏற்றிருக்கிறேன்: ஆவணி மாதம், பூராடம். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, சித்தப்பாவைப் படிக்க வைத்த பிறகே துபாய்க்கு வந்தார்.

அங்கே ஒரு கட்டுமான ஆலோசனை அலுவலகத்தில், ஸ்காட்லாந்துப் பெரியவர் ஒருவருக்குச் செயலாளரானார். அந்தப் பெரியவர் ஓய்வு நேரத்தில் தம் குலத்தின் வரலாற்றை எழுதிவந்தார். அப்பா அதைத் தட்டச்சு செய்து கொடுத்தார். இரண்டாயிரம் பிறந்த புதிதில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்தக் குலத்தின் கதைதான். குலத்தலைவருக்கு லார்டு பட்டம் எப்படி வந்தது, அதற்கும் மேலான ஏர்ல் பட்டம் எப்படி வந்தது, அரசருக்கு எதிரான 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தோற்ற பக்கம் நின்றதால் நிலமும் பட்டமும் எப்படிப் பறிபோயின, பின்வந்தவர்களுக்கு எப்படித் திரும்பக் கிடைத்தன என்று சாம்பார் ஆறும்வரை சொல்வார்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

“கேட்டியாடி, அந்தக் குலத்துல ஒரு தலைமுறையில ஆம்பளப் புள்ளையே இல்ல. மூத்த பொண்ணுதான் தலைவர். கட்டிக்கிட்டவரு தன் பேரை விட்டுட்டு அந்தக் குலப்பேரை வச்சுக்கிட்டாராம்!”

“அப்ப நீங்களும் எங்கப்பா இனிஷியலைப் போட்டுக்கிறதுதானே?” என்றார் அம்மா.

அன்று முதல் எங்கள் வீட்டுக்கு அப்பா தலைவர். ஸ்காட்லாந்தில் குலத்தலைவரின் வாரிசைப் பெயரோடு ‘இளையவர்’ என்று சேர்த்து மரியாதையாகக் குறிப்பிடுவார்களாம். அந்தப் பட்டம் எனக்கு.

“அப்ப எனக்கு?” என்றாள் தங்கை.

“நீ லேடி ஆஃப் சத்வா. போய்த் தட்டை எடுத்து வை.”

“நான் எப்பப்பா தலைவர் ஆவேன்?” என்று கேட்டேன்.

“நான் போனப்புறம்தாண்டி.”

“அப்படின்னா எனக்கு வேணாம்.”

அப்பா வெகுநேரம் சிரித்தார். “ரெண்டும் பொண்ணாப் போச்சே” என்று ஊரில் யாராவது இழுத்தால் அதுவரை பேச்சை மாற்றுவார். அதன் பிறகு, “ஆமா, வாரிசு இருக்கு” என்று பதில் சொல்லத் தொடங்கினார்.

கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த சாலைகளில் மருத்துவமனைக்குப் போய்வந்தோம். கடைசி வாரத்தில் எங்களையும், ஷார்ஜா தொழில்பேட்டையில் மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா மகனான தம்பியையும் அருகில் அழைத்தார். “எனக்கு மூத்தவதான் கொள்ளி வைக்கணும். இங்கயே” என்றார். வேறெதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை.

சுடுகாட்டில் நிற்கும்போது ஊரிலிருந்து சித்தப்பாவின் போன் வந்தது. தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணன் மருந்து மயக்கத்துல சொல்லியிருக்கும்டா. பங்காளி நீ நிக்கிறப்ப பொம்பளப் புள்ள வைக்கிறதா? ஊரு சிரிக்கும். நீயே வை.”

தம்பி என்னைப் பார்த்தான். அம்மா தலை குனிந்திருந்தார். சடங்கு செய்தவர் தீயோடு காத்திருந்தார்.

“மயக்கமெல்லாம் மாஃபி, இல்லவே இல்ல, அப்பா. பெரியப்பா தெளிவாத்தான் சொன்னாரு, நான் பக்கத்துலயே நின்னேன். கலாஸ், பேச்சு முடிஞ்சுது. போனை வச்சிடுறேன்.” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினான். “வாக்கா. நீதானே இளையவர்?”

தீயைக் கையில் வாங்கினேன். “எனக்கு வேணாம்ப்பா” என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு வைத்தேன்.

அப்பாவை இறுதிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த சத்வா அண்டைவீட்டார், அப்பாவின் சொல்லைக் காத்த தம்பி ஆகியோருக்கு எங்கள் நன்றி. பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டு அழுத சித்தப்பாவுக்கும் நன்றி. இந்த மலரின் அட்டைப்படம் அவர் தேடித் தந்தது.

அந்த ஸ்காட்லாந்துப் பெரியவருக்கும் நன்றி. சுடுகாட்டில் கடைசி வரிசையில் நின்றிருந்தவர், துக்கம் விசாரிக்க வீட்டுக்கும் வந்தார். அந்த ‘இளையவர்’ பட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்டபோதுதான் ஒரு வழக்கம் எனக்குத் தெரியவந்தது. வாரிசு தலைவரானதும் ‘இளையவர்’ என்பது பெயரிலிருந்து நீங்கிவிடுமாம்.

அதை மட்டும் அப்பா எனக்குச் சொல்லவே இல்லை.