படக் கண்ணாடியில் தெரிந்த கப்பல்

நான் போங்கு ஆடினேன்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. என் தங்கையின் கணவன் சவரிமுத்துவோடு கம்ப்யூட்டரில் ஆடிய ஆட்டத்தில், மாதக்கணக்கில், ஞாயிறு தவறாமல் அவனை ஏமாற்றி ஜெயித்தேன். அவனுக்குத் தெரியாது. என் தங்கைக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... ஐம்பதை நெருங்கும் ஒருவன் விளையாட்டில் ஏமாற்றியதைப் போய்ப் பாவம் போல எழுத உட்கார்ந்திருக்கிறானே என்று! நானும் முதலில் சிரித்தவன்தான்.

ராயபுரத்தில் பிறந்தவன் நான். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாசலில் நின்று லாரிகளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால் கூச்சம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. யாராவது எதிரே நின்று என் முகத்தைப் பார்த்துப் பேசினால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்கள் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். நான் நகரும்வரை எதிரியும் நகர மாட்டான், அவசரம் இல்லை. கதை ஆட்டங்களில் ஒரு ராணியோ கொல்லனோ எதிரே வந்து பேசினால், நான் சொல்லக்கூடிய பதில்களை மூன்று நான்கு வரிகளாக அவர்களே எழுதிக் காட்டிவிடுவார்கள். ஒன்றைத் தொட்டால் போதும்! வாழ்க்கையில் எனக்கு இப்படி யார் எழுதிக் காட்டினார்கள்?

இருபது வயதில் நானும் சவரியும் பிரவுசிங் சென்டரில் பழியாய்க் கிடந்தோம். ஒரு கோட்டை ஆட்டம். அவனுக்கு ஒரு நாடு, எனக்கு ஒரு நாடு, நடுவில் கடல். ஒரே திரை. அவன் முறை முடிந்தால் என் முறை. அவன் படை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவன் ஆடும்போது மட்டும்தான் திரையில் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: ஒருவன் ஆடும்போது மற்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும்.

“திரும்பிக்கோ மச்சான்” என்பான் சவரி. அப்போது அது வெறும் தோஸ்து மச்சான். பிறகு அவன் என் தங்கை ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டு அதை உண்மையாகவே ஆக்கிவிட்டான்!

எப்போதும் அவன்தான் ஜெயிப்பான். தீ கக்கும் டிராகனுக்குப் ‘பல்லி’ என்று பேர் வைத்தவன் அவன். கடலைச் சுற்றிக் கப்பலில் வந்து, நான் எதிர்பாராத கரையில் பல்லியை இறக்குவான். கடல் அவனுக்கு ரத்தத்தில் இருந்தது. காசிமேட்டில் விசைப்படகு டிரைவராகப் பேர் எடுத்தவன்.

இரண்டு மழைக்காலம் முன்பு அவனுக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி ஆளாகத் திரும்பி வந்தான். கடலுக்குப் போகச் சில மாதம் ஆகும் என்றார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பழைய ஆட்டங்களை இப்போதைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி விற்கிறார்கள். அந்தக் கோட்டை ஆட்டத்தை வாங்கி என் வீட்டில் ஏற்றினேன்.

அந்த முதல் இசை வந்தபோது அவன் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

“டேய்... நம்ம பல்லிடா!”

அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டெல்லா என் வீட்டில் குழம்பு வைப்பாள், நாங்கள் ஆடுவோம். அவன் ஆடும்போது நான் திரும்பிக்கொள்ளும் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு சின்ன சிவப்பு பல்பு எப்போதும் எரியும்.

ஒரு நாள் அந்த பல்பு பியூஸ் போனது.

சிவப்பு வெளிச்சம் போனதும் படத்தின் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதில், ஆண்டவரின் நெஞ்சுக்கு மேலேயே, என் முதுகுக்குப் பின்னால் இருந்த திரை தெரிந்தது! எழுத்து தெரியவில்லை. ஆனால் நிறம் தெரிந்தது, நகர்வது தெரிந்தது. சவரியின் சிவப்புக் கப்பல் இடது பக்கமாக ஊர்ந்து போனது.

கண்ணை மூடியிருக்கலாம். மூடவில்லை... ஏன்? இருபது வயதிலிருந்து தோற்றவன், ஒரே ஒரு தடவை ஜெயித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம்.

என் முறை வந்ததும் படையெல்லாம் மேற்குக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவனோ கிழக்கில் இறங்கினான்! கண்ணாடி எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றிக் காட்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

“இன்னா மச்சான், கெழக்கு எதுன்னே மறந்துட்டியா? ராயபுரத்துல பொறந்துட்டு கடலு எந்தப் பக்கம்னு தெரியாத ஒரே ஆளு நீதான்டா!” என்று சவரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுப்படியில் ஸ்டெல்லாவும் சிரித்தாள்.

அந்த அவமானத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். நானோ கண்ணாடியைத் திருப்பிப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஜெயித்தேன். அதற்கடுத்த ஞாயிறும். அவன் கப்பலை எடுத்தால், அது வந்து சேரும் கரையில் நான் முன்பே நிற்பேன். அவன் வியந்து போவான். நான் ஆண்டவர் படத்தைப் பார்த்துக் கைகட்டி நிற்பதை ஸ்டெல்லா பக்தி என்று நினைத்தாள்.

“ண்ணா, அந்த பல்பு போய் எம்மா நாளாச்சு! சாமி இருட்டுல கீறாரு. ஒண்ணு வாங்கியாந்து மாட்டக் கூடாதா?”

“மாட்றேன்.”

“ஆட்டம் ஆட மட்டும் நேரம் கீது.”

மாட்டவில்லை. ஆண்டவரை இருட்டில் வைத்துத்தான் நான் ஜெயித்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு. தோற்று முடித்த சவரி எழுந்திருக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி படகு ஓட்ட வரச் சொல்லிப் படகுக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தது எனக்குத் தெரியும்.

“போட்டு வேணான்னு சொல்ட்டேன் மச்சான்” என்றான்.

“ஏன்டா? டாக்டரு போலாம்னுட்டாரே!”

“டாக்டரு ஒடம்பத்தான் பாத்தாரு. மண்டைய நான் பாத்துகினேன்.” கம்ப்யூட்டரைக் காட்டினான். “இதுல. முன்னல்லாம் நீ எங்க நிப்பன்னு எனக்கு அப்டியே தெரியும். இப்ப நான் கப்பல எடுக்கிறதுக்குள்ள நீ வந்து நின்னுகினு கீற. காய்ச்சல் எத்தயோ தின்னுட்ச்சு மச்சான். இந்த மண்டைய நம்பி எட்டு பேர கடலுக்கு இட்டுகினு போவ சொல்றியா?”

அந்த நிமிடத்தில் என் முன்னால் பதில் வரிகள் எதுவும் எழுதிக் காட்டப்படவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ‘உன் மண்டை நல்லாதான் இருக்கு, நான் போங்கு ஆடினேன்.’ அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நான் வாயைத் திறப்பதற்குள், கதவோரம் நின்ற ஸ்டெல்லா அழுதாள். துக்கத்தில் இல்லை. சந்தோஷத்தில்! அவன் கடலுக்குப் போன நாள் முதல் காற்று அடித்தாலே அவளுக்குத் தூக்கம் கிடையாது. நேராகப் போய் அந்தப் படத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்து நன்றி சொன்னாள்.

அந்தக் கண்ணாடியில்!

மறுநாளே சிவப்பு பல்பு வாங்கி மாட்டினேன்.

இப்போது சவரி மீனுக்கு ஐஸ் அரைக்கிற இடத்தில் மேஸ்திரி. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். உடம்பு தேறி, தொந்தி கூட விழுந்திருக்கிறது. மழை கொட்டுகிற இரவுகளில் என் தங்கை குறட்டை விட்டுத் தூங்குகிறாள். சவரி அதை நடித்துக் காட்டினால் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். பொய் இல்லை. இத்தனை நிம்மதியான ஞாயிறுகள் என் வாழ்வில் முன்பு இருந்ததில்லை.

தங்கைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமா? கூடாது. ஜெயிக்க வேண்டும் என்றுதான் செய்தேன். நல்லது நடந்தது அதன் பிறகு. அதை என் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கு என்ன உரிமை? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கூட, “பொய் சொன்னேன் சாமி” என்று பொதுவாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். எந்தப் பொய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை...

பல்பு மாட்டியதிலிருந்து நான் ஒழுங்காக ஆடுகிறேன். ஒழுங்காகத் தோற்கிறேன். சவரியின் கப்பல்கள் பழையபடி நான் நினையாத கரைகளில் வந்து இறங்குகின்றன. அவன் மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இதைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தேன். எவ்வளவு வசதியான நம்பிக்கை!

போன ஞாயிறு என் கடைசிக் கோட்டையையும் பிடித்துவிட்டு, அவன் என் பக்கம் திரும்பினான்.

“மச்சான், நீ போங்கு ஆடுற.”

என் கண் நேராக அந்தப் படத்தின் கண்ணாடிக்குத்தான் போனது.

“வேணும்னே தோக்குற. எனக்கு மனசு கஷ்டமாவும்னு விட்டுக்குடுக்குற. அது மட்டும் போங்கு இல்லியா? எனக்குத் தெரியாதாடா உன்ன?” என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தான். “பரவால்ல. அடுத்த ஆட்டம் ஒயுங்கா ஆடு. திரும்பிக்கோ.”

திரும்பிக்கொண்டேன். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் கப்பல் தெரியவில்லை, திரையும் தெரியவில்லை. ஆண்டவர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முதுகுக்குப் பின்னால், சவரி உற்சாகமாக விசிலடித்தபடி கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தான்.