நீலாவின் வலது கன்னம்

காசிமேடு மீன் சந்தையில் நீலாவிடம் வாய் கொடுத்து ஜெயித்துப் போனவர் ஒருவரும் இல்லை. எர்ணாவூரிலிருந்து விடியலில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே ஆட்டோக்காரரோடு ஒரு சுற்று முடிந்திருக்கும். சங்கரா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி அவள் பேசுவதைக் கேட்டால், மீனே வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் சிவக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நாற்பத்து நான்கு வயது நீலா பிழைப்பதும் அந்த வாயால்தான்.

அந்த வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். அவள் வரிசையில் மீன் விற்கும் பெண்கள் அவளோடு சேர்த்து நான்கு பேர், நால்வருக்கும் சேர்த்து ஒரே வெற்றிலை டப்பா. அதற்கு ஒரு சட்டம் உண்டு. தன் வெற்றிலையைத் தானே மடித்துக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருப்பவள்தான் புகையிலை வைத்து மடித்துத் தர வேண்டும். காலையில் என்ன சண்டை நடந்திருந்தாலும் வெற்றிலைக்குக் கை நீட்டியாக வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நீலாவுக்கு மடித்துத் தருபவள் சிலுவையம்மாள். வாங்கிய வெற்றிலையை நீலா வலது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அந்தக் கன்னம் எந்நேரமும் உப்பியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நீலாவுக்கு மட்டும் தெரியும். ஒன்றரை வருடமாக, வெற்றிலையைத் துப்பிய பிறகும் அந்த மேடு போவதில்லை. வலி கிடையாது. ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியிருந்தது. புகையிலை போட்டுப் போட்டு வாய்ப்புற்றில் செத்துப்போன அண்ணன் எத்திராஜின் முகம் அடிக்கடி கண்ணுக்குள் வந்தது. டாக்டர் வாயால் கேட்டுவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தாள். கணவன் நீலமேகம் விசைப்படகில் போனால் கரைக்கு வரப் பத்து நாள் ஆகும். அவன் வந்திருக்கும் நாட்களில் வீட்டிலும் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சமாளித்தாள். ஊர் வாயையெல்லாம் அடைப்பவளுக்குத் தன் வாயைத் திறந்து காட்டத் துணிச்சல் இல்லை, பாவம்.

பிறகு ஒரு காலையில் சிலுவையம்மாள் டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். மற்ற மூன்று பேரும் வெறும் வாயோடு உட்கார்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நீலாவையே பார்த்தாள்.

"டப்பாவே வரல. நீ இன்னாத்தடி வாய்ல வெச்சிகினு கீற?"

நீலா வாழ்க்கையில் முதல் முறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிலுவையம்மாள் எழுந்து வந்து, மீன் வாசம் போகாத கையால் அந்தக் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. இரண்டு பேர் மீனையும் மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, நீலாவின் மணிக்கட்டைப் பிடித்தவள் பல் ஆஸ்பத்திரி வாசலில்தான் விட்டாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நீலா சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வினிதா என்ற சின்ன வயது டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இது புற்றுநோய் இல்லை, புகையிலையால் வந்ததும் இல்லை. புகையிலையை விட்டே ஆக வேண்டும், அது வேறு விஷயம். பல் உருவாகும்போது அதற்கென்று வேலை செய்யும் திசு ஒன்று உண்டு. பல் முளைத்ததும் அதற்கு வேலை முடிந்துவிடும். எங்கோ சிலருக்கு மட்டும் அதில் மிச்சமிருப்பது தாடைக்குள் மறுபடி வளர ஆரம்பிக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் விட்டுவைத்தால் எலும்பைத் தின்றுகொண்டே போகும்.

"அப்ப அதுவும் என்ன மாதிரிதான். வேலை முடிஞ்சாலும் கம்முனு இருக்கத் தெரியல" என்றாள் நீலா. சொல்லிவிட்டு அழுதாள். அண்ணனுக்கு வந்தது தனக்கு வரவில்லை என்ற நிம்மதியில் வந்த அழுகை அது.

ஆனால் வைத்தியத்தைக் கேட்டதும் நிம்மதி போய்விட்டது. வலது கீழ்த்தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து அங்கே பொருத்த வேண்டும் என்றார் டாக்டர். நீலா ஒன்றுதான் கேட்டாள், பேச வருமா என்று. வரும், ஆனால் கீழுதடு ஒரு பக்கம் மரத்துப்போகும், வார்த்தை தெளிவாக வரக் கொஞ்ச நாள் பழக வேண்டும் என்றார்.

அறுவை சிகிச்சை எட்டு மணி நேரம் நடந்தது. நீலமேகம் ஒரு மாதம் கடலுக்குப் போகவில்லை. கஞ்சியைக் கரைத்து ஊட்டியபடி, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்போதுதான் தன்னால் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தான். சிலுவையம்மாள் மாதாவிடம் நேர்ந்துகொண்டு புகையிலையை விட்டாள். சந்தையில் நீலாவின் அன்னக்கூடையை அவள் இடத்திலேயே கவிழ்த்து வைத்து, வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்று மாதம் கழித்து நீலா அந்தக் கூடையை நிமிர்த்தினாள். லேசாக நொண்டினாள். உதடு சொன்னபடி கேட்கவில்லை, ஓரத்தில் எச்சில் வழிந்தது. வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்று முந்தானையால் மறைத்தபடி, விலையை விரலால் காட்டினாள். சிலுவையம்மாள் பக்கத்திலிருந்து விலையைக் கூவினாள். இனி இப்படித்தான் போல என்று நீலா நினைத்துக்கொண்டாள்.

அப்போது தாவூது பாய் வந்தார். மெஸ் நடத்துபவர், பதினோரு வருட வாடிக்கை. சந்தையில் நீலாவுக்குச் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பவர் அவர் ஒருவர்தான். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்காமல் ஒரு நாளும் மீன் வாங்கியதில்லை. ஒரு கூறு சங்கராவைக் காட்டி விலை கேட்டார். நீலா நான்கு விரலைக் காட்டினாள். பாய் அவள் முகத்தைப் பார்த்தார், தலையைத் தாழ்த்திக்கொண்டார், பேசாமல் நானூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

நீலாவுக்குச் சுருக்கென்றது. கத்தி பட்டபோதுகூட இப்படி வலிக்கவில்லை. நீட்டிய காசை வாங்காமல் மீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா பாய், பேரம் பேச மாட்டியா?"

வார்த்தைகள் குழறித்தான் வந்தன. பாய் தடுமாறி, உடம்பு சரியில்லாதவரிடம் போய் எப்படி என்று இழுத்தார்.

"தாடையில எலும்பத்தான் மாத்திகீறாங்க. வாய மாத்தல. கேளு."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தி, இருநூறு ரூபாய் என்றார்.

அவ்வளவுதான். கரையில் படுத்திருந்த நாய்கூட எழுந்து நின்றது. இருநூறுக்கு மீன் வேண்டுமானால் கடலுக்குள் இறங்கி நீயே பிடித்துக்கொள் என்று ஆரம்பித்து, பாயின் மெஸ்ஸில் குழம்புக்குள் மீனைத் தேடிக் களைத்தவர்கள் கதைவரை போனாள். பாதி வார்த்தை உருவே இல்லாமல் வந்தது. எச்சில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. சிலுவையம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

கடைசியில் சங்கரா முந்நூறுக்குப் போனது. அது அந்த விலைக்குத்தான் போகும் என்பது இருவருக்கும் ஆரம்பத்திலேயே தெரியும்.